நின்ற நீரும் ஓடிய நீரும்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி பதினொன்றரைக்கு அம்மாவிடமிருந்து போன். நான் பெங்களூரில், மறுநாள் காலை மீட்டிங்குக்காக லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஓடையில சத்தம் வேற மாதிரி கேக்குதுடா" என்றார் அம்மா.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், தென்பெண்ணைக்கு இறங்கும் ஒரு ஓடையின் கரையில் இருக்கிறது. ஓடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். பள்ளிக்காலம் முழுக்க அதன் மணலில் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். தண்ணீர் வந்து ஆட்டம் நின்ற நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஆண்டுச் சராசரி மழை ஒரு மீட்டரைக்கூட எட்டாத மாவட்டம் இது. வெளியூரில் தருமபுரி என்றால் வறட்சி, ஃப்ளோரைடு கலந்த குடிநீர், பெங்களூர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இந்த மூன்றைத்தான் சொல்வார்கள். அங்கே வெள்ளம் வரும் என்று நானும் நினைத்ததில்லை.

ராத்திரி மூன்று மணிக்கு அத்தை வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தது. எங்கள் வீடு மேட்டில், அத்தை வீடு ஓடைப் பக்கம் பள்ளத்தில். இடுப்பளவு. காலை பத்து மணிக்குக் கணுக்கால் அளவு சேறு. சாயந்திரம் அத்தை வீட்டைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். மொத்தத்தில் ஏழு மணி நேரம். அதற்குள் போனவை: தையல் மெஷினும் அதன் மோட்டாரும், இரண்டு மூட்டை கேழ்வரகு, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த துணிகள், மகளின் நர்சிங் படிப்பு நோட்டுகள், மூன்று ஆடுகள். ஆடுகளைக் கட்டியிருந்த கயிறு மட்டும் கொம்பில் அப்படியே இருந்தது.

ஃபெஞ்சல் புயலை நினைவிருப்பவர்களுக்குப் புதுச்சேரியும் விழுப்புரமும்தான் நினைவிருக்கும். நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்காக அங்கேயே கிடந்தது. முதல் நாள் மயிலத்தில் 51 செ.மீ. பிறகு வலுவிழந்து மேற்கே நகர்ந்தது. புயல் வலுவிழந்துவிட்டது என்று டிவியில் சொன்னதும் பாதிப் பேர் சேனலை மாற்றிவிட்டார்கள். வலுவிழந்தது காற்றுதான். டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மை மாதிரி மிதந்துபோன வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்து மழைக்குக் கிடைத்த வெளிச்சம் அந்த ஒரு நிமிட வீடியோதான்.

இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போனது? ஓடைகள், வாணியாறு, தென்பெண்ணை, அப்புறம் சாத்தனூர் அணை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. அந்த 1.68 லட்சத்தில் எங்கள் ஓடைத் தண்ணீரும் ஒரு துளி இருந்தது. அத்தை வீட்டில் ஏழு மணி நேரம் இருந்துவிட்டுப் போன தண்ணீர், கீழே சமவெளியில் போய் நாள்கணக்கில் நின்றது.

மறுநாள் தமிழக அரசின் நிவாரண அறிவிப்பு வந்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம். சேதமடைந்த குடிசைக்கு 10,000. பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500, மானாவாரிக்கு 8,500. மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. இவற்றோடு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாட்களுக்கு மேல் மழைநீர் சூழ்ந்து வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களுக்கு ரேஷன் கார்டு அடிப்படையில் தலா 2,000 ரூபாய். 2,000 ரூபாய்க்கான பட்டியலில் தருமபுரியும் இல்லை, கிருஷ்ணகிரியும் இல்லை. அந்த மாவட்டங்களையும் சேர்க்கச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன.

அத்தைக்குப் போனில் இதை நான் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏன் கண்ணு, தண்ணி நின்னாத்தான் வெள்ளமா? ஓடுனா வெள்ளமில்லையா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த இரண்டு நாள் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

பாதி பதில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் விதிமுறையில் கிடைத்தது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியை எதற்கு, எவ்வளவு செலவழிக்கலாம் என்று சொல்லும் நீண்ட அட்டவணை அது. 2022 முதல் 2026 வரைக்கான அட்டவணையில் துணிமணி இழந்த குடும்பத்துக்கு 2,500, பாத்திரம் பண்டம் இழந்த குடும்பத்துக்கு 2,500. ஆனால் யாருக்கு? வீடு அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும், அல்லது முழுதாக இடிந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு நாட்களுக்கு மேல் கடுமையாக நீர் சூழ்ந்திருக்க வேண்டும். இதற்கு முந்தைய ஒரு பதிப்பில் இந்த இடத்தில் ஒரு வாரம் என்று இருந்தது. 2015இல்தான் இரண்டு நாளாகக் குறைத்தார்கள். யாரோ ஒரு அதிகாரி எங்கோ ஒரு கூட்டத்தில் இதற்காக வாதாடியிருக்க வேண்டும். அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் ஏழிலிருந்து இரண்டுக்கு வந்தவர்கள் நாள் என்ற அளவுகோலை விட்டு இறங்கவில்லை.

அதே அட்டவணையில் இன்னொரு தலைப்பு என்னை நிறுத்தியது: 'கிராட்யூட்டஸ் ரிலீஃப்'. வேலை வாங்காமல் தரும் உதவி என்று பொருள். 2022ஆம் ஆண்டு ஆவணத்துக்கு இந்த விக்டோரியா காலத்துச் சொல் எப்படி வந்தது? அது பஞ்சக் காலத்துச் சொல். அங்கிருந்து வந்து நம் வெள்ள விதிகளுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. அப்போது தருமபுரி சேலம் மாவட்டத்தில் ஒரு வட்டம். (தனி மாவட்டமானது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல்.) 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை ஏறக்குறைய 19.7 லட்சம். 1881இல் 16 லட்சம். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைவு. செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமல் போனவர்கள் எல்லோரும் சேர்ந்த பள்ளம் அது. கணக்கெடுப்பு அட்டவணைகளைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், இந்தியாவில் எண் மேலேதான் போகும். கீழே போகிற வரிசை கண்ணில் குத்தும்.

அந்தப் பஞ்சத்தின்போது வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார். செலவைக் குறைப்பதுதான் வந்த வேலை. 1877 ஜனவரியில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்குத் தினக்கூலியாக ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் என்று டெம்பிள் நிர்ணயித்தார். சரித்திரத்தில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், மண் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று கடுமையாக எதிர்த்தார். ஒருவருக்கு எத்தனை ராத்தல் இருந்தால் சாகாமல் இருப்பார் என்று இரண்டு அதிகாரிகள் எழுத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த மாதங்களில் ரோட்டோரம் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச கமிஷன். அது 1880இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து மாகாணங்களுக்கான பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. மதராஸுக்கு 1883இல். இவற்றைக் கெட்டது என்று ஒரே வரியில் ஒதுக்க முடியாது. பஞ்சம் வந்தால் கலெக்டர் என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்று முதல் முறையாக எழுதி வைத்தார்கள். அது பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் அதன் அடியில் ஒரு சந்தேகம் ஓடுகிறது: கேட்கிறவன் நிஜமாகவே தேவைப்பட்டுத்தான் கேட்கிறானா? அதைக் கண்டுபிடிக்கச் சோதனை வேண்டும். வெயிலில் கல் உடைக்க வருகிறானா, வீட்டைவிட்டுத் தூரத்து முகாமுக்கு வருகிறானா? வந்தால் பசி உண்மை. வேலை செய்ய முடியாதவர்களை ஊர் அதிகாரி பட்டியல் எடுப்பார். அவர்களுக்குத்தான் கிராட்யூட்டஸ் ரிலீஃப்.

பஞ்சம் மெதுவாக வரும். மழை பொய்க்கும், விலை ஏறும், மாட்டை விற்பார்கள், பாத்திரத்தை விற்பார்கள், ஊரைவிட்டுக் கிளம்புவார்கள். பார்த்துக்கொண்டே இருக்கலாம், சோதித்துக்கொண்டே இருக்கலாம். காலம்தான் சாட்சி. எத்தனை நாள் தாக்குப்பிடிக்கவில்லை என்பதுதான் துன்பத்தின் அளவு. சுதந்திரத்துக்குப் பிறகு நிதிக்குழுக்கள் மாறி, நிதியின் பெயர் மாறி, 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்து, மத்திய அரசு 75, மாநிலம் 25 என்ற பங்கில் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி உருவாகி, இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சாட்சியை நாம் மாற்றவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் 'இரண்டு நாட்களுக்கு மேல்' என்ற சொற்களைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கல்லுடைக்கும் முகாம்தான் ஞாபகம் வருகிறது. நீ எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாய் என்று காட்டு, அப்புறம் பார்க்கலாம்.

என் வேலையிலும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். சர்வரில் பிழை வந்தால் எச்சரிக்கை மணி அடிக்க விதி எழுதுவோம். சும்மா சும்மா அடித்தால் ராத்திரி யாரும் தூங்க முடியாது. அதனால் பிழை ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் அடி என்று எழுதுவோம். நல்ல விதிதான். ஒருநாள் நாற்பது விநாடி மட்டும் வந்துபோன ஒரு கோளாறு, வரிசையில் இருந்த அத்தனை பரிவர்த்தனைகளையும் அழித்துவிட்டுப் போனது. மணி அடிக்கவில்லை. விதிப்படி எதுவுமே நடக்கவில்லை. மறுநாள் காலை வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

சாய்வான நிலத்தில் வெள்ளம் அந்த நாற்பது விநாடி மாதிரி. சேர்வராயன் மலையும் சித்தேரி மலையும் பக்கத்தில். மலையில் விழுந்த மழை நிற்காது, இறங்கும். இறங்குகிற வேகத்தில்தான் சுவர் இடியும், ஆடு போகும். சமவெளியில் நிற்கிற தண்ணீர் செய்யும் சேதம் வேறு, குறைந்தது இல்லை. பயிர் அழுகும், கிணறு கெடும், நோய் வரும். விழுப்புரத்துக்காரர்களுக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்கே 2,000 ரூபாய் எந்த மூலைக்கு?

ஒரு விஷயம் கவனியுங்கள். இதே தருமபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் காவிரி வெள்ளம் வந்தால் நிலைமையே வேறு. கபினியும் கிருஷ்ணராஜசாகரும் திறந்த உடனே ஒகேனக்கல்லில் பரிசல் நிற்கும், அருவியில் குளிக்கத் தடை வரும், தண்டோரா போடுவார்கள். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. இரண்டு மாநிலங்கள் சண்டை போடுகிற தண்ணீர் என்பதால் அதன் ஒவ்வொரு கன அடிக்கும் கணக்கு இருக்கிறது. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தில் மேட்டூர்ப் பகுதியில் விநாடிக்கு 4.56 லட்சம் கன அடி ஓடியதாகக் கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டு வேலை ஆரம்பித்து 1934இல் திறந்த மேட்டூர் அணையின் உபரிநீர்ப் போக்கிக்கு அந்த வெள்ளம்தான் பாடம். ஆற்றை அளப்பதில் நம் பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள். கிழக்கே அரூர் பக்கம் பெயரில்லாத ஓடைகளுக்கு அப்படி வழக்காட யாருமில்லை.

சரி, தொகை எப்படி முடிவாகிறது? 2015 வெள்ளத்துக்கு, வீட்டுக்குள் நீர் புகுந்த குடும்பத்துக்கு 5,000. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னைப் பக்கம் 6,000. அதே மாதம் தென்மாவட்ட வெள்ளத்துக்குத் தூத்துக்குடி, திருநெல்வேலியின் மோசமான வட்டங்களில் 6,000, மற்ற இடங்களில் 1,000. 2024 ஃபெஞ்சலுக்கு மூன்று மாவட்டங்களில் 2,000. அதே புயலுக்குப் புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் கார்டுக்கும் 5,000 அறிவித்தது. விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில இடங்களில் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு அரசு, அந்தப் பக்கம் இன்னொரு அரசு. முதல்வர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் 14 மாவட்டங்கள், 69 லட்சம் குடும்பங்கள் என்று கணக்கிருந்தது. உடனடியாக 2,000 கோடி கேட்டிருந்தார். மத்திய அரசு விடுவித்தது 944.80 கோடி. அதுவும் பேரிடர் நிதியில் ஏற்கெனவே தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய மத்தியப் பங்கு. கையில் இருக்கும் பணத்துக்குத் தக்கபடி எங்கோ கோடு போட்டாக வேண்டும். இது எனக்குப் புரிகிறது. கோடு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி.

மூன்றாம் நாள் எங்கள் ஊருக்கு வி.ஏ.ஓ. வந்தார். 1980 வரைக்கும் இந்த வேலையைப் பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் பார்த்தார்கள். எம்.ஜி.ஆர். அதை ஒழித்து, பரீட்சை எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தார். வந்தவர் சின்னப் பையன், முப்பதுகூட இருக்காது. நல்ல மாதிரி. முழங்கால் வரை சேறோடு வீடு வீடாக நடந்தார். நானும் அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

வீடு குடிசையா? இல்லை, செங்கல் சுவர், சிமென்ட் ஷீட். அப்போ 10,000 கிடையாது. சுவர் இடிந்ததா? விரிசல்தான். பயிர் சேதம்? அத்தைக்குச் சொந்த நிலம் இல்லை. போன கேழ்வரகு குத்தகைக் காட்டில் விளைந்து, அறுத்து, மூட்டை கட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. வயலில் நின்றிருந்தால் அது பயிர், வீட்டுக்குள் வந்ததும் அது வெறும் சாமான். ஆடு மூன்று. ஒன்றுக்கு 4,000 என்றால் 12,000. அத்தை முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. ஆனால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். பார்ப்பதற்கு உடல் வேண்டும். ஆடுகள் தென்பெண்ணையோடு போய்விட்டன. சாத்தனூர் வரைக்கும் போயிருக்கலாம். தையல் மெஷினுக்கு எந்தக் கட்டமும் இல்லை.

"அக்கா, நான் எதுலதான் எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க" என்றார் அவர். சொல்லிவிட்டுப் படிவத்தை மூடவும் இல்லை. அத்தை எழுந்து போய்ச் சுவரைக் காட்டினார். இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு, அறை முழுக்கச் சுற்றி, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. "இது போதாதா தம்பி?" அவர் போனை எடுத்து அந்தக் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அந்தக் கோடு போதும் என்றுதான் நான் நினைக்கிறேன். எத்தனை மணி நேரம் தண்ணீர் நின்றது என்று யாரும் கடிகாரம் வைத்து அளப்பதில்லை. அதுவும் கடைசியில் ஊர்க்காரர் சொல்கிற வாய்வார்த்தைதான். சுவர்க்கோடு வாரக்கணக்கில் இருக்கும், அளக்கலாம், படம் எடுக்கலாம். அரூரில் 33 செ.மீ. பெய்தது வானிலைத் துறையின் பதிவிலேயே இருக்கிறது. பொய் சொல்கிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள், அது நாள் கணக்கிலும் உண்டு. இவ்வளவு மழை ஒரே நாளில் பெய்த வட்டம், வீட்டுக்குள் இவ்வளவு உயரம் நீர் வந்த குடும்பம் என்று இரண்டே விஷயத்தை வைத்து விதி எழுத முடியும். புதுப் பட்டியலும் தேவையில்லை. 1997இல் மற்ற மாநிலங்கள் வறுமைக்கோடு பிரித்தபோது பிரிக்காமல் எல்லோருக்கும் ரேஷன் என்று நின்ற மாநிலம் இது. கார்டு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆளைக் கண்டுபிடிப்பதில் நமக்குப் பிரச்சினையே இல்லை.

அந்த வாரம் அத்தைக்கு நிஜமாக வந்து சேர்ந்தவை: பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பையன்கள் காசு சேர்த்துப் பொங்கிய இரண்டு நாள் சாப்பாடு, ஒரு கட்சிக்காரர் கொடுத்த ஐந்து கிலோ அரிசி, சேலத்திலிருந்து ஒரு வேனில் வந்த போர்வைகள். போர்வை கொடுத்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அத்தை நன்றாகவே சிரித்திருக்கிறார். தையல் மெஷினை மகளிர் குழுக் கடனில் வாங்கினார். பதினெட்டு தவணை. ஆடு இன்னும் வாங்கவில்லை.

போன ஐப்பசியில் ஊருக்குப் போனபோது பார்த்தேன். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், மகளின் சர்டிபிகேட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டி, உத்தரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். உள்அறையில் ஒரு சுவரை மட்டும் விட்டுவைத்திருந்தார் அத்தை, அந்தக் கோடு இருக்கிற சுவரை. ஏன் அத்தை என்றேன். "மறுபடி யாராவது எழுத வந்தா காட்டணுமில்ல கண்ணு" என்றார்.